பட்டடையை மீட்பவர்கள்

1

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களை அணைத்துக் கயிற்றால் கட்டினார்கள். கரையேறியதும் அவிழ்த்துக் காயப் போட்டார்கள். உப்பளத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரை சேர்த்தது மரப்பலகை. எக்கியார்குப்பம், மரக்காணம் என்று நீளும் இந்தக் கரையின் பழைய தொழில்களான மீனும் உப்பும் இரும்பைக் கூடியவரை ஒதுக்கி வைத்தே நடந்திருக்கின்றன. உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனால் இரும்பு இல்லாமலும் முடியாது. மீன் அரியக் கத்தி வேண்டும். வரப்பு கட்ட மண்வெட்டி வேண்டும். படகுக்கு நங்கூரம் வேண்டும். எல்லா ஊருக்கும் வேண்டியிருந்த இரும்பு வேலையை எல்லா ஊரிலும் செய்யவில்லை. குறுந்தொகையின் 172ஆம் பாட்டில், பிரிவில் வருந்தும் பெண் தன் நெஞ்சுக்கு ஓர் உவமை சொல்கிறாள்: ஏழு ஊருக்குப் பொதுவாக ஓர் ஊரில் வைத்த கொல்லுலையின் துருத்தி. இந்த உவமையின் அழகைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அதில் உள்ள கணக்கைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஏழு ஊருக்கு ஓர் உலை என்றால் அந்தத் துருத்திக்கு ஓய்வில்லை. துருத்தியை மிதித்தவனுக்கும் ஓய்வில்லை. பாட்டுக்கு அவனைப் பற்றி அக்கறை இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. ஆனால் அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் விரைவாகப் பின்வாங்கியது. இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள் வந்தன. உள்ளூர்களில் அதற்கு முன்பே டிராக்டர் வந்து கலப்பைக் கொழுவுக்கு வேலை இல்லாமல் செய்திருந்தது. கொழு அடிப்பதும், கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவதும், மழுங்கிய கடப்பாறையைக் காய்ச்சிக் கூராக்கித் தோய்ச்சல் வைப்பதும்தான் ஊர்க் கொல்லனின் வருஷத்தை நிரப்பிய வேலைகள். அவை போனதும் பட்டறைகள் மூடின. பட்டடையும் சம்மட்டியும் குறடும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. நம்மைப் போன்றவர்களின் பத்திரிகைகளை அச்சடித்த ட்ரெடில் இயந்திரங்களும் ஈய எழுத்துகளும் இதே கடைகளுக்குத்தான் போயின என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கடைகளில் இப்போது வேறு ஒருவகை ஆட்களும் வந்து நிற்கிறார்கள். பட்டடையை இரும்பு விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொண்டு போய், துரு எடுத்து, எண்ணெய் தடவி, மரக்கட்டையில் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் உலை மூட்டுகிறவர்கள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. இதைப் பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். பாரம்பரியத்தின் மறுபிறப்பு என்று கொண்டாடுவது அதைவிடச் சுலபம். இரண்டும் தவறு என்று எனக்குப் படுகிறது.

2

முதலில் அவர்கள் செய்யும் வேலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் செய்து இந்தியாவுக்கு வந்த பழைய பட்டடைகளின் பக்கவாட்டில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 ராத்தல். இரண்டாவது அதில் கால், 28 ராத்தல். மூன்றாவது மீதி ராத்தல். 1, 2, 10 என்றிருந்தால் 178 ராத்தல். உடம்பு தேனிரும்பு, மேல்முகத்தில் மட்டும் உருக்குத் தகடு ஒன்றைக் காய்ச்சி ஒட்டிக் கடினப்படுத்தியிருப்பார்கள். தகடு அதிகத் தடிமன் இல்லை. பட்டடையின் உயிர் முழுக்க அதில்தான். சுத்தியலை விட்டால் எகிறித் திரும்ப வேண்டும். தட்டினால் மணி போலக் கேட்க வேண்டும்.

புதிதாக இந்த ஆசைக்கு வருகிறவன் முதலில் செய்ய நினைப்பது, குண்டும் குழியுமான அந்த முகத்தை இயந்திரத்தில் கொடுத்துச் சீவி மட்டமாக்குவது. அனுபவப்பட்டவர்கள் முதலில் தடுப்பதும் அதைத்தான். சீவினால் உருக்குத் தகடு மெலியும். சூடேறினால் அதன் பதம் போகும். பளபளப்பான, உபயோகமற்ற ஒரு கட்டிதான் மிஞ்சும். துருவை எடுக்கலாம், தேய்மானத்தை எடுக்கக் கூடாது. தேய்மானம் அழுக்கு அல்ல, வேலையின் பதிவு. ஒரு பக்க விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் கொல்லன் அந்தப் பக்கத்தை அதிகம் பயன்படுத்தியிருக்கிறான் என்று அர்த்தம்.

ஏடுகளைப் பதிப்பிப்பதில் நாம் கற்றுக்கொண்ட பாடமும் இதுதானே. உ. வே. சாமிநாதையர் 1887ல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோதும் அதற்குப் பின்னும் செய்த வேலையின் பெருமை, செல்லரித்த இடங்களைத் தன் இஷ்டப்படி நிரப்பி வழவழப்பாக்கித் தந்ததில் இல்லை. பாடபேதங்களைப் பாடபேதங்களாகவே வைத்ததில் இருக்கிறது. பழையதை அணுகும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற தீர்மானம்தான் விமர்சனம். நாட்டார் பாடலை மேடைக்குத் தகுந்தபடி சீவி எடுத்து அதையே பாரம்பரியம் என்று காட்டுகிறவர்கள் பட்டடையை இயந்திரத்தில் கொடுக்கிறவர்கள்.

துரு எடுப்பதில் இன்று பரவலாக உள்ள வழி மின்பகுப்பு. சலவை சோடா கரைத்த நீரில் கருவியை இறக்கி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் மாட்டி, நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டிவிட்டால் போதும். துரு தளர்ந்து உரியும்; நல்ல இரும்புக்குச் சேதமில்லை. சுரண்டுவதில்லை, அரைப்பதில்லை. மின்பகுப்பின் விதிகளை 1830களில் வகுத்து, அதற்கான சொற்களையும் 1834ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லனின் மகன். இந்தத் தகவலை ஒரு சுவாரஸ்யமாக மட்டும் சொல்லவில்லை. ஃபாரடே நம் கதைக்குள் இன்னொரு வாசல் வழியாகவும் வருகிறார்.

3

1794ல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் லண்டனில் இருந்த ஜோசப் பாங்க்ஸுக்கு இந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். அதை அவர்கள் ‘வூட்ஸ்’ என்று எழுதினார்கள். கன்னடத்து ‘உக்கு’, நம்முடைய ‘உருக்கு’ ஆகியவற்றோடு சேர்த்து இந்தச் சொல்லை விளக்குவது வழக்கம். 1795ல் ஜார்ஜ் பியர்சன் இதைச் சோதித்து ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். 1819ல் ஃபாரடே பகுத்துப் பார்த்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820லும் 1822லும் உருக்குக் கலவைகளைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் உருக்குக் கலவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஃபாரடே தன் தகப்பனின் உலையில் நின்றிருந்தால் இந்த உருக்கு அவரிடம் வந்திருக்காது. புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார், ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பட்டறையை விட்டு வெளியேறிய ஒருவன்தான் பட்டறையின் ரகசியத்தைக் கேள்வியாக மாற்ற முடிந்தது. அந்தக் காலத்தில் சேலத்தில் உருக்கு காய்ச்சிக்கொண்டிருந்தவனின் மகனுக்கு அப்படியொரு கதவு இருந்ததா?

சேலத்து முறையைப் பற்றி எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, மண் மூசையில் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை வைத்து, எருக்கிலை மாதிரியான பச்சை இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கிக் காய்ச்சுவார்கள் என்று அவர் விவரித்தார். மூசைக்குள் இருந்தது ஒன்றிரண்டு ராத்தல் இரும்புதான். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி உருக்காகும்.

ஹீத் இதைப் பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை. உத்தியோகத்தை விட்டு, மரக்காணத்துக்குத் தெற்கே இதே சோழமண்டலக் கரையில் உள்ள பரங்கிப்பேட்டையில் 1830ல் ஐரோப்பிய முறை இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டு விறகின் கரி, கம்பெனி கொடுத்த கடன். மலபாரில் பேப்பூரிலும் ஒரு கிளை வந்தது. இங்கிருந்து ஷெஃபீல்டுக்கு இரும்பு போயிற்று. 1850ல் வேல்ஸில் திறக்கப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்தது என்று பதிவு இருக்கிறது. ஆனால் கரிக்குக் காடு வேண்டும். அண்டைக் காடுகள் குறையக் குறையக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. கடனுக்கு மேல் கடன். 1860களோடு பரங்கிப்பேட்டையில் உலை அணைந்துவிட்டது.

ஹீத்தின் சொந்த முடிவும் நல்லதாக இல்லை. உருக்கு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்ப்பதற்கு 1839ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் உருக்குத் தொழிலுக்கு அது பெரும் லாபம். அதே பலனை வேறு வழியில் அடைந்து, உரிமைத்தொகை கொடுக்காமல் தப்பித்துக்கொண்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1855ல் முடிந்தபோது ஹீத் உயிரோடு இல்லை. இந்தக் கதையை எழுதிய ஆங்கிலேயர்கள் ஹீத்துக்கு நேர்ந்த அநியாயத்தைப் பற்றி வருந்துகிறார்கள். அது நியாயமான வருத்தம்தான். ஆனால் ஹீத்துக்கு வழக்குப் போடவாவது ஒரு காப்புரிமை இருந்தது. மூசையில் ஆவாரங்குச்சி வைத்தவனுக்கு எந்தச் சபையிலும் வழக்கில்லை. ஸ்காட், பாங்க்ஸ், பியர்சன், ஃபாரடே, ஹீத் என்று வரும் பெயர்களின் வரிசையில் அவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்திய மூசை உருக்கு வழக்கொழிந்துபோயிற்று. அதைத் திரும்பச் செய்து காட்டியது யார் என்று பார்த்தால் மீண்டும் ஒரு பொழுதுபோக்குக்காரன் வருகிறான். அமெரிக்காவில் 1969ல் அட்லாண்டா நகரத்து விளம்பரத் தொழில்காரரான அலெக்ஸ் பீலர் கொல்லுவேலைக் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1973ல் அங்கே கலைக்கொல்லர்களின் சங்கம் ஒன்று ஏற்பட்டது. பிழைப்பாக ஏறக்குறைய அழிந்துவிட்ட தொழில் விருப்பமாகத் திரும்பி வந்தது. இந்தச் சூழலில் ஃப்ளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் பெண்ட்ரே, டமாஸ்கஸ் வாள்களில் ஓடும் நீரலைக் கோலத்தை எப்படியாவது கொண்டுவந்துவிடுவது என்று தன் உலையில் முயன்றுகொண்டிருந்தார். அந்த வாள்களின் மூலப்பொருள் இந்திய உருக்குதான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவரோடு சேர்ந்துகொண்டார். பல வருஷ முயற்சிக்குப் பிறகு 1998ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: கனிமத்தில் மிகச் சொற்பமாக, சதவீதத்தில் நூற்றில் சில பங்கு, வனேடியம் போன்ற தனிமங்கள் இருந்தால்தான் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடுகள் வரிசை கட்டி அந்தக் கோலம் விழும். பெண்ட்ரே மூசையில் இரும்போடும் கரியோடும் கண்ணாடித் துண்டும் பச்சை இலையும் போட்டார். ஹீத்தின் குறிப்பில் இருந்த பச்சை இலை ஃப்ளோரிடாவில் ஒரு லாடக்காரரின் மூசைக்குள் மீண்டும் வந்துவிட்டது.

இந்த முடிவில் நமக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. கனிமம் வந்த இடம் மாறியதும் கோலம் விழாமல் போயிருக்க வேண்டும், ஏன் என்று கொல்லனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கையின் ஞானம் என்று நாம் மெய்மறந்து பேசுவதில் ஒரு பங்கு கை செய்யாதது, மண் செய்தது. கைத்திறனைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் தெரியாமலே அவ்வளவு தூரம் போனவனின் கவனத்தை இது இன்னும் பெரிதாக்குகிறது. ஆனால் ஞானத்தை ரத்தத்தில் வைக்கிறவர்களுக்கு இது பதில் சொல்லிவிடுகிறது. பெண்ட்ரேயின் ரத்தத்தில் சேலம் இல்லை.

4

ரத்தத்தில் வைத்தவர்களில் மிகப் பெரியவர் ஆனந்த குமாரசாமி. அவர் மண்ணியல் படித்தவர். 1900களின் முற்பகுதியில் இலங்கையின் கனிம ஆய்வை நடத்தியவர். அங்கே இரும்பும் உருக்கும் காய்ச்சிய கடைசிக் கைகளைப் பார்த்து எழுதியவர். 1908ல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூலை வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சு இயந்திரத்தில் அச்சடித்தார். பழைய இரும்புக் கருவி ஒன்றை மீட்டு வேலை வாங்குவதில் இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டாம். அடுத்த வருஷம் ‘இந்தியக் கைவினைஞன்’ வந்தது. ஆலை மனிதனை என்ன செய்கிறது என்பதைக் குமாரசாமி அளவுக்குக் கண்டுகொண்டவர்கள் குறைவு. ஆனால் கைவினைஞனுக்கு நிம்மதி தந்தது அவன் பிறப்பால் பெற்ற இடம் என்று அவர் நம்பினார். மாரிஸின் இயந்திரத்தைத் தேர்ந்துகொண்டது குமாரசாமியின் சுதந்திரம். கண்டியக் கொல்லனுக்கு உலையைத் தேர்ந்துகொடுத்தது பிறப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது.

பிறப்பால் பெற்ற இடம் எப்படி இருந்தது என்பதற்குக் கல்வெட்டே சாட்சி. கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு அரசன் தந்த சலுகைகளைப் பட்டியலிடும் சோழர் காலத்து ஆணை ஒன்று இருக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம்; பேரிகை கொட்டலாம்; வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம்; வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவை சலுகை என்றால் அதற்கு முந்தின நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வாளும் கொழுவும் செய்தவன், கோயில் கட்டியவன், செருப்புப் போட அரசாணை வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு நம் இரும்பின் வயதைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. நல்ல செய்தி. ஆனால் இரும்பின் வயதை எண்ணிப் பெருமைப்படுகிறவன் அந்தக் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1953ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் சிக்கி, 1954ல் காமராஜ் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எழுபது வருஷம் கழித்து அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் கொல்லுவேலை உட்பட 18 தொழில்களுக்குக் கடனும் கருவிக்குப் பணமும் தருகிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்த வயதை 18லிருந்து 35 ஆக்க வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது; ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் மறுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தானே ஒன்றைத் தொடங்கியது: 25 தொழில்கள், 35 வயது, சாதி குடும்பம் கேட்பதில்லை. அரசியல் லாப நஷ்டக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த 35 என்ற எண்ணில் ஒரு சிந்தனை இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் படிக்கப் போகலாம். முப்பத்தைந்து வயதுக்காரன் தெரிந்தே இந்த வேலையில் இருக்கிறான்.

வங்கி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இது வெறும் சிந்தனையல்ல. கொல்லுவேலை செய்யும் பெரியவர் ஒருவர் நகைக்கடன் வாங்க வந்தார். பட்டறைக்கென்றே கடன் இருக்கிறதே என்று சொன்னேன். “பட்டறைக்கு எதுக்கு சார்? பையன் டிப்ளமா படிக்கிறான், அவன் ஃபீஸுக்குத்தான். இந்தக் கரிப்புகை என்னோட போவட்டும்” என்றார். அவர் குரலில் துக்கம் இல்லை. பாரம்பரியம் அழிகிறதே என்று நான் எழுதினால் அவருக்கு அது புரியாது. புரிந்தால் கோபம் வரும்.

5

ஆக, பட்டறை மூடியது இழப்பு மட்டுமல்ல. பல வீடுகளில் அது விடுதலை. இதை ஒப்புக்கொள்ளாத எந்த மீட்பும் பட்டடையை இயந்திரத்தில் சீவுகிற வேலைதான். அதே சமயம், அந்தக் கைகள் அறிந்திருந்ததெல்லாம் சாதிக் கொடுமையின் மிச்சம் என்று தூக்கிப் போடவும் முடியாது. சிவந்த இரும்பின் நிறத்தைப் பார்த்து எந்த நொடியில் நீரில் இறக்க வேண்டும் என்பது அறிவு. வெறும் நீரைவிட உப்பு நீர் இரும்பைக் கடினமாக்கும், ஆனால் விரிசலும் விடச் செய்யும் என்பது அறிவு. உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும் இந்தக் கரைக்கு உப்பின் இந்த மறுபக்கமும் தெரிய வேண்டியதுதான். அந்த அறிவு யாருடைய பிறப்புக்கும் சொந்தமில்லை. யார் தலையிலும் கட்ட வேண்டியதுமில்லை.

பொழுதுபோக்குக் கொல்லனுக்கு ஓர் இடம் உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான். நம் சமூகத்தில் இரும்பு அடிப்பது பிறப்பின் தீர்ப்பாக இல்லாமல் ஒருவனுடைய, ஒருத்தியுடைய விருப்பமாக வரும் முதல் சந்தர்ப்பம் இது. கரி படிந்த கையோடு நிற்பதை யாரோ ஒருவர் வலிய ஏற்றுக்கொள்கிறார் என்பதே சின்ன விஷயமல்ல. ஆனால் அவர்களின் புத்தகங்கள் பட்டடை விரல்முட்டி உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. நின்றுகொண்டு அடிக்கும் வெள்ளைக்காரனின் உயரம் அது. நம் கொல்லன் கொம்பில்லாத சிறு பட்டடையைத் தரையோடு பதித்து, உட்கார்ந்து வேலை செய்தவன். லாரி வில்பட்டையை அரிவாளாக்கியவன். தண்டவாளத் துண்டையே பட்டடையாக வைத்துக்கொண்டவன். பழைய இங்கிலீஷ் பட்டடைக்கு விலை கொடுக்கிறவர்கள் இந்தத் தண்டவாளத் துண்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எது பழம்பொருள் என்ற தீர்மானம்கூட வெளியிலிருந்துதான் வருகிறது.

அவர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவர் அடுத்த ஊரில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டதற்குக் கூலி கொடுங்கள். அவர் பையன் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். வாங்கிய பட்டடை எந்த ஊரில், யார் கையில், என்ன வேலை பார்த்தது என்று விசாரித்து எழுதிவையுங்கள். சாமிநாதையர் ஒவ்வொரு நூலின் முகவுரையிலும் ஏடு தந்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் குறித்துவைத்தார். பியர்சனின் கட்டுரையிலோ ஹீத்தின் விவரணையிலோ இல்லாதது அந்த ஒரு பக்கம்தான்.